பின்சக்கரத்துக் கிளிப்

அமெரிக்காவின் இண்டியானாவில், பாகங்கள் அசலாக இருக்கின்றனவா என்று பார்த்துப் பரிசு கொடுக்கும் பழைய கார் போட்டி. டெல்மர் தன் ஐம்பத்தேழாம் வருடக் காரின் பின்சக்கரத்தைக் கழற்றி வைத்து, அதன் பின்னாலிருக்கும் பிரேக் டிரம்மைக் காட்டிக்கொண்டு நின்றான். டிரம்மின் போல்ட்டில், தொழிற்சாலையில் மாட்டிய மெல்லிய தகரக் கிளிப் அப்படியே இருந்தது. டிரம்மை முதல் தடவை கழற்றும் மெக்கானிக் அதைப் பிய்த்து எறிந்துவிடுவான், திரும்ப மாட்டமாட்டான். கிளிப் இருந்தால் டிரம் அசல். டிரம் அசலென்றால் டெல்மருக்கு முதல் பரிசு.

நடுவர் வெர்லின் முட்டி போட்டுப் பார்த்தார். போன வருடம் டெல்மருக்குப் பரிசு கிடைக்காமல் செய்தவர் அவர்தான்.

"புதுக் கிளிப் வாங்கி மாட்டிட்டு வந்து யாருகிட்ட கதை விடுற?"

"கண்ணு தெரியலன்னா வீட்ல கெடய்யா. அதத் தொடாத."

நடுவர்கள் காரைத் தொடக்கூடாது. வெர்லின் குறடால் கிளிப்பைப் பிடுங்கிப் புல்லில் போட்டார்.

"இப்ப சொல்லு, அசலா?"

போல்ட்டில் கிளிப் இருந்தது. புல்லிலும் ஒன்று கிடந்தது. வெர்லின் மறுபடி பிடுங்கினார். மறுபடியும் இருந்தது.

"என்னடா வித்தை காட்டுற?"

"பிடுங்குய்யா. என் மாமனாரும் இப்படித்தான் ஆரம்பிச்சாரு."

மாலையில் ஒலிபெருக்கியில் வெர்லினைக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. மற்ற நடுவர்களே டெல்மருக்கு முதல் பரிசைக் கொடுத்தார்கள்.

டெல்மர் பரிசோடு காருக்குத் திரும்பியபோது வெர்லின் வெறும் விரலால் பிடுங்கிக்கொண்டிருந்தார். கிளிப்புகள் அவர் தொடைவரை குவிந்திருந்தன.

"கையை எடு. சக்கரத்த மாட்டணும்."

வெர்லின் எடுக்கவில்லை.

டெல்மர் அந்தக் கையோடு சேர்த்தே சக்கரத்தை மாட்டி, நட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கினான்.