வீடு பார்க்க வந்தவர்கள்

"நிமிர்ந்து நின்னு குளிக்க முடியாத குளியலறைக்கா சார் இவ்வளவு வாடகை?"

நெட்டையான அந்த மனிதர் தலையைத் தடவிக்கொண்டே குளியலறையிலிருந்து வெளியே வந்தார். வீட்டுக்காரரின் முகம் சுண்டிப் போயிற்று.

"இத்தனை வருஷத்துல யாரும் இடிச்சுக்கிட்டதில்லையே! ஏம்மா நர்ஸம்மா, நீ எப்பவாவது இடிச்சுக்கிட்டிருக்கியா?"

மூலையில் நின்று யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த நர்ஸம்மா, "இல்லீங்க சார்" என்றாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டியவளுக்குக் குளியலறை எவ்வளவு உயரம் இருந்தால் என்ன?

அவள் கவலை வேறு. மகள் படிக்கிற பள்ளிக்கூடம் அடுத்த தெருவில் இருக்கிறது. இரவு டியூட்டி முடிந்து வந்து, மகளை எழுப்பித் தலை பின்னி அனுப்பிவிட்டுப் படுக்க இந்த மாடி வீடு தோதாக இருந்தது. போன மாதம் வீட்டுக்காரர் திடீரென்று வாடகையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிவிட்டார். அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஏற்றிவிட்டார் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது, அவ்வளவுதான். நர்ஸம்மாவும் கால் தேய அலைந்து பார்த்தாள். எங்கே கேட்டாலும் யானை விலை, குதிரை விலை. கட்டுப்படியாகிற வீடெல்லாம் ஊருக்கு வெளியேதான் கிடைத்தது. அங்கே போனால் மகளின் படிப்பு நடுவருஷத்தில் அந்தரத்தில் நிற்கும்.

"தேர்தலுக்குத் தேர்தல் எல்லாருக்கும் வீடுங்கறாங்க. ஜெயிச்சப்புறம் அவங்களுக்கு மட்டும்தான் வீடு முளைக்குது" என்று முணுமுணுத்தபடி நெட்டையர் படியிறங்கினார்.

"விடுங்க சார், அவருக்கு உயரம் ஜாஸ்தி" என்றார் புரோக்கர். "அடுத்து வர்றவங்க குள்ளம்."

வாசலில் போர்டு மாட்டினால் கண்டவனும் மணியடிப்பான் என்று, வீட்டுக்காரர் இந்த ஒரு புரோக்கரிடம் மட்டுமே சொல்லி வைத்திருந்தார். ஆளும் பம்பரமாகச் சுழன்று, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இத்தனை பேரை வரவழைத்திருந்தார்.

குள்ளமான அந்த அம்மாள் கையோடு டேப் கொண்டு வந்திருந்தாள். படுக்கையறை வாசலை இரண்டு முறை அளந்தாள்.

"எங்க கட்டில் இதுல நுழையாது சார்."

"கழட்டிக் கொண்டுபோய் உள்ள மாட்டிக்கலாமேம்மா?"

"எங்கப்பா கல்யாணத்துக்குச் செஞ்சு குடுத்தது. எம் புருஷனைக் கழட்டி விட்டாலும் விடுவேன், கட்டிலைக் கழட்ட மாட்டேன்."

அடுத்து ஓர் இளம் ஜோடி வந்தது. அந்தப் பெண் ஜன்னலைத் திறந்த வேகத்தில் மூடினாள். "எதிர் வீட்டு அடுப்படி அப்படியே தெரியுது. அவங்க என்ன சமைக்கறாங்கன்னு பார்த்துப் பார்த்தே இவர் என்கூடச் சண்டை போடுவாரு."

"பக்கத்துத் தெருவுல இதைவிடப் பெரிய வீடு, பாதி வாடகைக்குக் கிடைச்சுது சார்" என்றான் அவன்.

வீட்டுக்காரருக்குப் பகீரென்றது. "அப்புறம் எதுக்கு இங்க வந்தீங்க?"

"அட்வான்ஸ் குடுத்துட்டோம். நாங்க ஏமாறலைன்னு உறுதிப்படுத்திக்கலாம்னுதான்."

அவர்கள் போனதும் புரோக்கர் மாடிப்படியில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "என்ன சார் செய்யறது? வாடகை இறங்குற மாதிரி தெரியுது. வேணும்னா ரெண்டு மாசம் பூட்டிப் போட்டு வைப்போம்."

"பூட்டிப் போடறதா?"

கீழேயிருந்து வீட்டுக்காரரின் மனைவி குரல் கொடுத்தாள். "உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணான்னு ஆகப்போகுது, பார்த்துக்குங்க! எனக்கு திடீர்னு பிரஷர் ஏறினா யார் வந்து பார்ப்பா? உங்க வாடகையா வந்து பார்க்கும்?"

அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். வீட்டுக்காரர் எம்மாத்திரம்? இரண்டு முறை செருமினார்.

"ஏம்மா... நீ பாட்டுக்கு இங்கயே இரு. பழைய வாடகையே போதும்."

"ரெண்டு வருஷத்துக்கு ஏத்த மாட்டீங்களே சார்?"

"ஏத்தல, ஏத்தல. நீ மட்டும் அந்தக் குளியலறையைக் குறை சொல்லிடாதே."

நர்ஸம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அழக் கூடாது என்று நினைத்திருந்தாள், முடியவில்லை. வீட்டுக்காரருக்கும் மனசு என்னவோ லேசாகிவிட்டது. இதைப் போன மாதமே செய்திருக்கலாம் என்று தோன்றியது.

"என் கமிஷன்தான் போச்சு" என்று பெருமூச்சு விட்டபடி புரோக்கர் கீழே இறங்கினார்.

அரை மணி நேரம் கழித்து, இரண்டு தெரு தள்ளியிருந்த டீக்கடைக்குள் நர்ஸம்மா நுழைந்தாள். பின்பக்க மேஜையைச் சுற்றி நெட்டையர், டேப் அம்மாள், இளம் ஜோடி என்று எல்லோரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

"என் பொண்ணு பள்ளிக்கூடம் மாற வேண்டாம்" என்றாள். இளம் ஜோடி எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தது.

"எனக்குத்தான்மா நிஜமாவே மண்டை இடிச்சிருச்சு" என்றார் நெட்டையர்.

"நான் பாயில படுக்கறவ" என்று டேப் அம்மாள் சிரித்தாள். "போன மாசம் நீங்கல்லாம் எங்க வீட்டைச் சொன்ன குறைக்கு, இது ரொம்பக் கம்மி."

எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார் புரோக்கர். "அடுத்த ஞாயிறு எல்லாரும் காலையிலயே வந்துடணும். நர்ஸம்மா, நீங்கதான் முதல்ல வீடு பார்க்க வரீங்க. கூச்சப்படாம குறை சொல்லணும், ஏன்னா இந்தத் தடவை காலி பண்ணச் சொல்லியிருக்கறது என்னை."

நர்ஸம்மா திகைத்தாள். "உங்க வீட்டுக்கா அண்ணே? அங்க வேற புரோக்கர் இல்ல ஆளுங்களைக் கூட்டிட்டு வருவாரு?"

"வரட்டும்மா" என்றார் புரோக்கர் டீயை ஆற்றிக்கொண்டே. "அவனும் வாடகை வீட்டுலதான் இருக்கான்."