விலைபோகாத பனியன்

"கையெழுத்தா? இந்தக் கையாலயா?"

கோல்கீப்பர் கையுறையைக்கூடக் கழற்றாமல் பேனாவைத் தள்ளிவிட்டார் ஒடிலோ. "எங்க பனியன் விற்பனைக்கு இல்ல, கண்ணு."

ஹிமேனாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தலைநகர் மோன்தெவிதேயோவிலிருந்து அஞ்சு மணி நேரம் பஸ்ஸில் வந்திருக்கிறாள். 'ரெலாம்பகோ' என்கிற விளையாட்டு உடை கம்பெனியில் விளம்பரப் பிரிவில் வேலை. "தவளை அணி நம்ம சட்டையைப் போட்டே ஆகணும். ஒப்பந்தத்துல கையெழுத்து இல்லாம வர்றதா இருந்தா, வரவே வேண்டாம்" என்று முதலாளி அரோசேனா சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

தவளை அணி என்பது பாசோ வேர்தே ஊரின் ஃபுட்பால் அணி. ஜெயித்துப் பழக்கமில்லாத அணி. அன்றைக்கும் எட்டு கோல் வாங்கிவிட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தார்கள்.

போட்டிருப்பது வெறும் வெள்ளை பனியன். முதுகில் நம்பரை ஷூ பாலிஷால் எழுதிக்கொள்வார்கள். மழை பெய்தால் ஒன்றும் ஏழும் கரைந்து ஒன்றாகிவிடும். ஒருத்தன் செய்த தப்புக்கு நடுவர் இன்னொருத்தனுக்கு மஞ்சள் அட்டை காட்டுவார்.

போன மாதம் இவர்களைப் பார்க்க வந்த டிவிக்காரர் ஒருவர், "நாடே கம்பெனிக்காரனுக்கு முதுகைக் கொடுத்துவிட்டது. கொடுக்காத மனிதர்கள் இவர்கள் மட்டும்தான்!" என்று தழுதழுத்துவிட்டார். அன்றிலிருந்து தவளைகள் நாட்டுக்கே செல்லம். ஊர் ஊராகப் பையன்கள் பனியனில் பாலிஷைத் தடவிக்கொண்டு திரிந்தார்கள். ரெலாம்பகோ சட்டைகள் கடையில் தொங்கித் தூசி குடித்தன.

"ஒடிலோ ஐயா, நீங்க ஜெயிக்கவே வேண்டாம். நீங்க தோக்கறதைத்தான் நாங்க விக்கப்போறோம். வாசகம்கூட ரெடி. 'விழுந்தாலும் ரெலாம்பகோ!'"

"விழறதுக்கு எங்களுக்கு யார் ஒத்தாசையும் வேண்டாம்மா" என்றான் தபாரே. அணியின் தடுப்பாட்டக்காரன். அவன் எதையும் தடுத்து யாரும் பார்த்ததில்லை.

"எல்லாருக்கும் புது பூட்ஸ் தர்றோம்."

"பழசே கடிக்காம இருக்கு."

"மைதானத்துக்கு லைட் போட்டுத் தர்றோம்."

"ஐயோ வேண்டாம்! இருட்டினாத்தான் எதிர் அணிக்காரன் வீட்டுக்குப் போறான்."

"புது பஸ்!"

தபாரே எச்சிலை விழுங்கினான். "கேப்டன், பஸ்ஸை மட்டுமாவது..."

ஒடிலோ அவன் காலை நச்சென்று மிதித்தார். "மானம்டா! மானம்!"

வேலியோரம் நின்ற ரசிகர்கள் கைதட்டினார்கள். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஹிமேனா மெதுவாக ஃபைலை மூடினாள்.

"நீங்க சொல்றதுதான் சரி, பெரியவரே. உலகத்துல எல்லாத்துக்கும் ஒரு விலை உண்டுன்னு நினைச்சுட்டேன். உங்களைப் பார்த்தா வெக்கமா இருக்கு. வேலை போனாப் போகட்டும்."

சொல்லி முடிப்பதற்குள் தேம்பிவிட்டாள்.

ஒடிலோவின் முகம் சுண்டிப்போயிற்று. எட்டு கோல் விழுந்தபோதுகூட மனுஷன் இப்படி வாடவில்லை. அக்கம்பக்கம் பார்த்தார்.

"தபாரே, கேட்டைச் சாத்து. நீ உள்ள வா, கண்ணு."

கிளப் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனார். அங்கே பெரிய இரும்புக் கம்பி அடுப்பு. தணல் மேல் பாதி மாடு பொன்னிறமாக வெந்துகொண்டிருந்தது. தோற்ற வருத்தம் துளியும் இல்லாமல் மொத்த அணியும் கத்தியும் கையுமாகக் காத்திருந்தது.

விலாக்கறியில் ஒரு துண்டை அறுத்து ரொட்டிக்குள் வைத்து நீட்டினார் ஒடிலோ. "முதல்ல சாப்பிடு. அழுகையெல்லாம் அப்புறம்."

அழுதுகொண்டே கடித்தவள், இரண்டாவது கடியில் அழுகையை மறந்துவிட்டாள்.

"எட்டு கோல் வாங்கினதுக்கா இவ்வளவு கறி?"

"எத்தனை வாங்கினாலும் இதே அளவுதான்" என்றான் தபாரே, வாய் நிறைய.

"யார் தர்றாங்க?"

ஒடிலோ கத்தி முனையால் தணலைக் கிளறினார்.

"ஆறு வருஷம் முன்னாடி உங்க ரெலாம்பகோ சட்டையைத்தான் காசு போட்டு வாங்கி மாட்டிக்கிட்டு ஆடினோம். பதினாலு கோல். மறுநாள் பேப்பர்ல நாங்க சேத்துல கெடக்கற படம். சட்டையில உங்க மின்னல் சின்னம் மட்டும் பளிச்சுனு தெரியுது. அன்னிக்குச் சாயங்காலமே ஒருத்தர் கார்ல ஓடி வந்தார். 'உங்க கால்ல விழறேன், எங்க சட்டையை மட்டும் போடாதீங்க. மாசம் ஒரு மாடு அனுப்பிடறேன்'னார்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அடுத்த கம்பெனிச் சட்டையைப் போட்டோம். பன்னெண்டு கோல். அவனும் ஒரு மாடு. இப்ப நாட்டுல சட்டை தைக்கிற அத்தனை பேரும் அனுப்பறாங்க. ஒருத்தன் சட்டையை நிரந்தரமா மாட்டிக்கிட்டா, மத்தவனுக்கெல்லாம் பயம் விட்டுப்போயிடுமே, கண்ணு. அப்புறம் மாட்டுக்கு எங்க போறது?"

ஹிமேனா மெல்லுவதை நிறுத்தினாள். "டிவியில உங்களைப் புகழ்ந்த பிறகுமா எங்க கம்பெனி அனுப்புது?"

"நிறுத்தினா டிவிக்காரர்கிட்டயே சொல்லிடுவோமோன்னு அன்னிக்குக் கார்ல வந்தவருக்கு ஒரே நடுக்கம்."

"அப்ப என் வேலை?"

இன்னொரு துண்டை அவள் ரொட்டியில் வைத்தார் ஒடிலோ.

"அது எங்கயும் போகாது. நீ நேரா முதலாளி அரோசேனாகிட்ட போய், 'இந்த மாசம் நீங்க அனுப்பின மாடு நல்ல இளசு'ன்னு மட்டும் சொல்லு."