கீரியின் சிவப்புக் கண்

மழை பெய்த மதியத்தில் காக்கையின் முட்டை ஒன்று கூட்டிலிருந்து விழுந்து உடைந்தது. பழுப்பாக ஒரு வால் சட்டென்று மறைந்ததை மட்டும்தான் காக்கை பார்த்தது.

"கீரியோட கண்ணு சிவப்பா இருந்துச்சாக்கா?" என்று கேட்டது அணில்.

கீரி என்று காக்கை சொல்லவே இல்லை. ஆனால் அணில் கேட்டதுமே அதன் மனதில் அந்தக் கண் தெரிந்தது. "ஆமாடி, ரத்தச் சிவப்பு!" மறுநாள் சொன்னபோது கீரிக்குப் பல்லும் வந்துவிட்டது. அதற்கடுத்த நாள் அது காக்கையைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தது. கேட்ட பறவைகளெல்லாம் கூடிப்போய், வேலியோரம் குட்டிகளோடு கிடந்த கீரியைக் கொத்தித் துரத்தின.

"நான் அந்த மரத்துப் பக்கமே வரலையே!" என்று கத்திவிட்டு அது குட்டிகளைக் கவ்விக்கொண்டு ஓடியது.

அடுத்த மழையில், பக்கத்துத் தென்னையின் காய்ந்த ஓலை காற்றில் வளைந்து வந்து, கூட்டைத் தட்டிவிட்டு மறைந்தது. அதே பழுப்பு வால்.

இந்த முறை காக்கை முழுதாகப் பார்த்துவிட்டது.

"கீரி திரும்ப வந்துடுச்சாக்கா?" என்று ஓடிவந்தது அணில்.

"கீரி இல்லடி, ஓலை. அன்னைக்கும் ஓலைதான்."

"அப்போ அந்தச் சிவப்புக் கண்ணு?"

காக்கை தலையைத் தொங்கப்போட்டது.

"இப்பவும் தெரியுதுடி."