யோசிக்கிறவர் பட்டியல்

"சார், செய்யூர் மனை வீடியோ அனுப்பினேனே, பாத்தீங்களா?"

"பாத்தேன். அத்தினியும் பொய்யி. நீ காட்டுற தென்னமரம் எங்க கீது? அங்க வெறும் சவுக்குதான்."

நான் எவனையும் நம்பாதவன். இருந்தும் மனை விற்கும் கம்பெனியிலிருந்து போனில் பேசும் அவளிடம் ஆறு மாதமாகத் தினம் ஒரு சந்தேகம் கேட்டு வந்தேன்.

"யோசிக்கிறவங்ககிட்ட மட்டும்தான் நான் பேசுவேன் சார். வாங்குனா வேற பொண்ணு பேசும். வேணாம்னா லிஸ்ட்டுலேர்ந்து பேரை எடுத்துடுவாங்க. இன்னிக்கு உங்க முடிவைக் கேக்கச் சொன்னாரு மேனேஜர்."

எந்தப் பதிலைச் சொன்னாலும் நாளைக்கு அந்தக் குரல் வராது.

"இன்னும் ஒரு சந்தேகம் கீது."

"கேளுங்க சார்."

"குழந்தைக்கு யாரு ஜாடை, ஷாரோன்?"

பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"வாங்கலைன்னு எழுதிக்கிறேன் சார்" என்றாள், வயிற்றுப் பிள்ளையோடு நான் வீட்டை விட்டுத் துரத்திய என் மகள்.