முதல் ஸ்ரார்ட்

கொக்குவில் சீவரத்தினத்தின் காருக்கு எஞ்சின் மாற்றியாயிற்று. ஆனால் ஸ்ரார்ட் ஆகவில்லை. குருநகரிலிருந்து வந்த மெக்கானிக் றஞ்சித், தான் பூட்டிய வயர்களையெல்லாம் மூன்றாம் தடவையாகச் சரிபார்த்தான். சீவரத்தினம் அடிக்கடி மணிக்கூட்டைப் பார்த்தது அவனுக்கு இன்னும் அந்தரமாயிருந்தது.

“என்ரை பிழைதான் போலை ஐயா. எஞ்சினைத் திருப்பிக் கழட்டித்தான் பாக்கவேணும்.”

“அவசரப்படாதை தம்பி. தேத்தண்ணியைக் குடி.”

குடித்து முடிக்கப் பன்னிரண்டு அடித்தது. சீவரத்தினம் சேர்ட் பையிலிருந்து எஞ்சினுக்குப் பெற்றோல் அனுப்பும் பம்பின் பியூஸை எடுத்து நீட்டினார்.

“இனிப் போடு. வெள்ளிக்கிழமை பன்ரண்டு மணி வரைக்கும் ராகு காலம். நீ சேர்ச்சுக்குப் போற வேதக்காரப் பெடியன், சொன்னால் கேக்கமாட்டாய்.”

றஞ்சித் பியூஸைப் போட்டுத் திறப்பைத் திருப்பினான். கார் உறுமியது.

“பாத்தியே,” என்றார் சீவரத்தினம், “நல்ல நேரத்திலை ஒரு திருப்பிலை வந்திட்டுது.”