சிக்னல் பாறை

“அண்ணே, எறங்குங்க! மூணு மணிக்கு நான் பேசணும்!”

மூச்சிரைக்கக் கத்தினாள் கலைச்செல்வி. ஓப்பநாயக்கவுக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில், வீடியோ கோல் அறுந்துபோகாமல் பேச முடிவது அந்த ஒரு பாறையில்தான். அதன் உச்சியில் லெப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு அண்ணன் சசி உட்கார்ந்திருந்தான். மேலே அயர்ன் பண்ணிய வெள்ளைச் சட்டை, கீழே பழைய சாரம்.

கோலத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. கேகாலையில் அவனுக்குப் பேசிவைத்திருக்கும் பெண்ணோடுதான் பேசுகிறான்!

“பொண்ணுகிட்ட அப்புறமா கொஞ்சிக்கலாம். எனக்கு இன்டர்வியூண்ணே!”

“என்ன இன்டர்வியூ?” காதில் செருகியிருந்ததைக் கழற்றினான் சசி.

வீட்டில் யாரிடமும் மூச்சுவிடாமல் வைத்திருந்ததை அவள் போட்டு உடைத்தாள். “போஸ்ட்டாக். நோர்வேயில மண்சரிவு ஆராய்ச்சி வேலை. ஒரே ஒரு இடம்தான் இருக்கு.”

டாக்டர் பட்டம் வாங்கியதிலிருந்து அவள் விண்ணப்பித்த இடமெல்லாம் கையை விரித்துவிட்டன. இதுவும் போனால் ஆராய்ச்சி என்ற பேச்சையே மறந்துவிட வேண்டியதுதான். சசியும் அதே படிப்புப் படித்து அதே பட்டம் வாங்கியவன். ஆனால் ‘ஆராய்ச்சி சோறு போடாது’ என்று பள்ளிக்கூட வாத்தியாராகிவிட்டான். சொன்னால் கேலி செய்வான் என்றுதான் அவள் மறைத்திருந்தாள்.

இப்போது அவன் கேலி செய்யவில்லை. “எந்த புரொபசர்?”

“இங்ரிட்னு ஒரு அம்மா. அது எதுக்கு உங்களுக்கு? நேரமாகுது, எறங்குங்க!”

சசியின் முகம் ஒரு மாதிரியானது. “ஒரு நிமிஷம்” என்று திரும்பி, திரையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தங்கச்சி இங்கே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், துரைக்கு இன்னும் பேசி முடியவில்லை!

ஒருவழியாக இறங்கி வந்தான்.

“என்ன, பொண்ணு கோவிச்சுக்கிச்சா?”

“அது சரிவராது கலை, விட்டுட்டேன். நீ ஏறு. பதறாமப் பேசு.” தூறல் விழ ஆரம்பித்திருந்தது. தன் குடையை அவள் கையில் திணித்துவிட்டு நடந்தான்.

அவள் பாறையில் ஏறி, குடைக்குள் தன் லெப்டொப்பைத் திறந்தாள். திரையில் நரைத்த தலையோடு ஓர் அம்மையார் சிரித்தார்.

“வணக்கம், டாக்டர் இருளப்பன்.”

வெளிநாட்டுக்காரர்களுக்கு அவள் அப்பாவின் பெயர்தான் அவள் பெயர்.

“முதலில் ஒரு சின்னச் சந்தேகம்” என்றார் ஆங்கிலத்தில். “உங்கள் நாட்டில் இது பலருக்கும் உள்ள பெயரோ? உங்களுக்கு முன்னால் இதே வேலைக்கு வந்தவரும் டாக்டர் இருளப்பன்தான். நான் முதல் கேள்வியைக் கேட்பதற்குள், ‘இங்கே சிக்னல் ஒரே இடத்தில்தான், இதற்கு என்னைவிடத் தகுதியானவர் கீழே காத்திருக்கிறார்’ என்று சொல்லி விலகிக்கொண்டார்.”

கீழே தேயிலைக்கு நடுவே, நனைந்துகொண்டே போய்க்கொண்டிருந்தது அந்த வெள்ளைச் சட்டை.

“இல்லை மேடம்” என்றாள் கலைச்செல்வி. “அது எங்கள் அப்பாவின் பெயர்.”