இரண்டாவது படம்

மூன்றாவது முறையும் ஸ்கிரீனில் அந்த மஞ்சள் உருண்டை நழுவிப் போனதைப் பார்த்ததும் பரந்தாமன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"இன்னா மேடம், புடிக்கவே மாட்டேங்குது?"

"அதான்ணா பாப்பாவோட பிரச்சினையே" என்றாள் இஃபத்.

ஆவடியில் ஒரு கல்லூரியின் ஆய்வகம் அது. உடம்புக்குள் சர்க்கரையை எடுத்துப் புரதத்தில் ஒட்டவைக்கிற என்சைம்கள் எப்படி அசைகின்றன, எப்படிப் பிடிக்கின்றன என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பது இஃபத்தின் வேலை. பரந்தாமனின் மகள் லித்திகாவின் ரத்தத்தில் எடுத்த மரபணு ரிப்போர்ட்டை வைத்து அவளுடைய என்சைமை அணு அணுவாகக் கட்டி, மூன்று வாரம் ஓடவிட்டு எடுத்த படம் இது. ஓடுவது முழுசாக ஒரு நிமிடம்கூட இல்லை.

நாடா நாடாவாகச் சுருண்டிருந்தது என்சைம். நடுவில் ஒரு குழி. மஞ்சள் உருண்டையாகச் சர்க்கரை வந்து குழியில் உட்காரும். உட்கார்ந்ததுமே ஓரத்து நாடா விரிந்துகொள்ளும். சர்க்கரை போய்விடும்.

திருமழிசையில் பதினெட்டு வருடமாக லேத் ஓட்டுகிறவன் பரந்தாமன். பிடி நிற்காத மெஷினைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவனால் முடியாது. கை தானாக ஸ்கிரீன் பக்கம் போனது. பாதியில் மடக்கிக்கொண்டான்.

நாலு வயதில் போய்விட்டாள் லித்திகா. கடைசிவரைக்கும் கழுத்து நிற்கவில்லை. ஆனால் வேலை முடிந்து வந்து அவன் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் போதும், படுத்தபடியே சிரிப்பாள்.

"இந்த என்சைம்ல அம்மாகிட்டருந்து ஒண்ணு, அப்பாகிட்டருந்து ஒண்ணு, மொத்தம் ரெண்டு கீதுன்னீங்களே மேடம்?"

"ஆமாண்ணா. ரெண்டுலயும் கோளாறு. ஆனா வேற வேற கோளாறு."

இரண்டாவது படத்தைத் திறந்தாள்.

இங்கேயும் சர்க்கரை வந்து உட்கார்ந்தது. ஓரத்து நாடா நடுங்கியது, விரியப் பார்த்தது, பிறகு மெதுவாகத் திரும்பி வந்து மூடிக்கொண்டது. சர்க்கரை உள்ளேயே இருந்தது.

"எப்பவும் இப்படிப் புடிக்காது. பத்துல ஒரு தடவை புடிக்கும்" என்றாள் இஃபத். "அந்த ஒரு தடவையாலதான் பாப்பா நாலு வருஷம் இருந்தா. இதுவும் இல்லைன்னா பொறந்திருக்கவே மாட்டா."

பரந்தாமன் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அப்போ இது நான் குடுத்தது."

இஃபத் படத்தை நிறுத்தினாள்.

"இல்லண்ணா. இது அம்மாவோடது, சாவித்திரி அக்காவோடது. மொதல்ல பார்த்தோமே, அதுதான் உங்களோடது. இதுல யார் மேலயும் தப்பு இல்ல. யாருக்கும் தெரியாம உள்ள இருக்கறது."

அவன் தலையை ஆட்டினான். மறுபடியும் ஆட்டினான். முதல் படம் இன்னும் ஸ்கிரீனின் ஒரு ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்தபடியே கேட்டான். "அவளுக்கு இது தெரியுமா?"

"அக்கா சொல்லலையா?" இஃபத் ஆச்சரியமாக நிமிர்ந்தாள். "போன மாசம் மூணாந்தேதி வந்தாங்களே. எது யாரோடதுன்னு ரெண்டு தடவை கேட்டுக்கிட்டுப் போனாங்க."

மூணாந்தேதி.

அதற்கு அடுத்த நாள்தான் திருமுல்லைவாயிலில் சாவித்திரியின் அண்ணன் வீட்டில் இரண்டு பக்கத்து ஆட்களும் உட்கார்ந்து பேசினார்கள். அத்தனை பேர் முன்னால் பரந்தாமன் அவளைக் கைநீட்டிச் சொன்னான்: "இவ ரத்தமே சரியில்ல. என் கொயந்தைய கொன்னதே இவதான். இவளோட இனிமே வாய முடியாது."

அவள் அண்ணன் அடிக்க எழுந்தான்.

சாவித்திரிதான் குறுக்கே வந்து நின்றாள்.

"வுடுண்ணா" என்றாள். "அவரு சொல்றது சரிதான்."